போட்டோஷாப்புக்கு மாசாமாசம் காசு கட்டணுமா? ஹாபி போட்டோகிராஃபருக்கு இலவசமா என்னென்ன இருக்கு?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏஎஃப்டி மில் இருக்கிறது. 1898-ல் தொடங்கி, 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்ட ஆலை. கையில் கேமரா இருக்கிற யாருக்கும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு படம் எடுக்கத் தோணும். மதிய வெயில்ல எடுத்துப் பார்த்தா வானம் வெள்ளையா வெளுத்துப் போயிருக்கும், நிழல்ல இருக்கிற சுவர் கறுப்பா இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சது கேமராவுக்குத் தெரியலையா? பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். உள்ளே பதிவாகியிருக்கிறதை வெளியே கொண்டு வரத்தான் எடிட்டிங் சாஃப்ட்வேர் தேவைப்படுது.

அதுக்கு எவ்வளவு செலவு பண்றதுங்கிறதுதான் கேள்வி. கல்யாண ஆர்டர் எடுக்கிற ஸ்டூடியோவுக்கு இது தொழில் செலவு, போட்ட காசு திரும்ப வந்துடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசுடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போற ஆளுக்கு அப்படி இல்லை. செகண்ட் ஹேண்ட்ல கேமரா வாங்கியிருப்பார், இஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்கும். அவருக்கு மாசச் சந்தா பெரிய விஷயம்.

சந்தா எப்போ வந்தது?

போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினா, அந்த வெர்ஷன் நம்மளோடது. 2013-ல் அடோபி நிறுவனம் இந்த முறையை மாத்துச்சு. சிஎஸ்6-க்கு அப்புறம் புது போட்டோஷாப் வேணும்னா சந்தாதான் வழி. போட்டோகிராஃபர்கள் அதிகம் பயன்படுத்துற லைட்ரூமிலும் 2015-ல் வந்த 6-வது பதிப்போடு சொந்தமா வாங்குற வழி முடிஞ்சு போச்சு.

(போட்டோஷாப் திறக்கும்போது வர்ற பெயர்ப் பட்டியல்ல சீதாராமன் நாராயணன்னு ஒரு பெயரைப் பல வருஷமா பார்த்திருப்பீங்க. யார் இவர்னு உலகம் முழுக்கத் தேடியிருக்காங்க. போட்டோஷாப்பை உருவாக்கின பொறியாளர்கள்ல ஒருத்தர்.)

குறைஞ்ச விலையில் இருந்த 20 ஜிபி போட்டோகிராஃபி பிளானைப் புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறதை 2025 ஜனவரியில் அடோபி நிறுத்திடுச்சு. இப்போ புதுசா சேர்றவங்களுக்கு இருக்கிற 1 டிபி பிளானோட அமெரிக்க விலை மாசம் 19.99 டாலர், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 240 டாலர். இந்தியாவுக்கு ரூபாயில் தனி விலை உண்டு. அது அடிக்கடி மாறுறதால, கட்டுறதுக்கு முன்னாடி அடோபி தளத்துல பார்த்துக்கோங்க.

விலையை விட முக்கியமா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மாசாமாசம் காசு போனாலும், ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் போட்டதா இருக்கலாம். முதல் 14 நாள் தாண்டி நடுவுல நிறுத்தினா, மீதி மாசங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணும். இந்தக் கட்டணத்தை மறைச்சு வெச்சாங்கன்னு 2024 ஜூன்ல அமெரிக்க அரசே அடோபி மேல வழக்குப் போட்டது. அதனால 'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை'ன்னு போட்டிருக்கா, வெறும் மாதத் திட்டமான்னு படிச்சுப் பார்த்துட்டு பட்டனை அழுத்துங்க. கார்டுல ஆட்டோ பே போட்டிருந்தா, ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தகவல் வரணும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம விட்டுடாதீங்க.

'கிராக்' போட்டுக்கலாமே?

நிறைய பேர் செய்யறது இதுதான். கடையில லேப்டாப் கொடுத்தா போட்டும் கொடுத்துடுவாங்க. ஆனா இது சட்டப்படி குற்றம். 1957 பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல்னு தெரிஞ்சே கணினியில பயன்படுத்தினா 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லைன்னா நீதிமன்றம் சிறைத் தண்டனை விதிக்காம 50 ஆயிரம் வரை அபராதத்தோட விடலாம். வீட்டுல உட்கார்ந்து பூ படம் எடிட் பண்றவரைத் தேடி போலீஸ் வருமான்னு கேட்பீங்க. சரி, சட்டத்தை விடுங்க. கிராக் ஃபைலை ஓட்ட முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வாங்க. அதே லேப்டாப்லதான் உங்க நெட் பேங்கிங்கும் இருக்கு. அதை யோசிச்சாலே போதும்.

முதல்ல கேமரா பெட்டியைப் பாருங்க

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். கேமரா கம்பெனிகளே எடிட்டிங் சாஃப்ட்வேரை இலவசமா கொடுக்குறாங்க. நிக்கான் கேமராவா? என்எக்ஸ் ஸ்டூடியோ. கேனானா? டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல். சோனிக்கு இமேஜிங் எட்ஜ், ஃபியூஜிஃபில்முக்கு எக்ஸ் ரா ஸ்டூடியோ. அந்தந்த கம்பெனி தளத்துல இருந்து இறக்கிக்கலாம். கேனான் சில நேரம் கேமராவோட சீரியல் நம்பர் கேட்கும்.

இதுல என்ன வசதின்னா, ரா ஃபைலைத் திறந்ததும் கேமரா திரையில பார்த்த அதே நிறம் வரும். வேற சாஃப்ட்வேர்ல திறந்தா முதல்ல மங்கலாத் தெரியும். 'என் கேமரா கெட்டுப் போச்சா'ன்னு பயப்பட வேண்டாம். கம்பெனி தன் கேமராவுல வெச்சிருக்கிற நிற அமைப்பை மத்த சாஃப்ட்வேர்கள் அப்படியே எடுத்துக்கிறது இல்லை, அவ்வளவுதான்.

ரா ஃபைல்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடலாம். ஜேபெக் படத்துல ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா ஃபைல்ல 16,384. கறுப்பா இருக்கிற மில் சுவர்ல இருந்து விவரத்தை மீட்கிறது இந்த வித்தியாசத்தால்தான். ஜேபெக்ல அதே வேலையைச் செஞ்சா திட்டுத் திட்டா உடையும். அதனால சாஃப்ட்வேர் தேடுறதுக்கு முன்னாடி கேமராவை 'ரா'வுக்கு மாத்துங்க. ஆனா வானம் முழுசா வெளுத்துப் போயிருந்தா ராவுலயும் திரும்பி வராது. வெயில்ல எடுக்கும்போது கொஞ்சம் இருட்டா எடுக்கிறதே பாதுகாப்பு.

லைட்ரூம் மாதிரியே வேணும்னா

டார்க்டேபிள். 2009-ல் தொடங்கின கட்டற்ற மென்பொருள் திட்டம். 2017 கடைசியில விண்டோஸுக்கும் வந்துடுச்சு. ஒரு ரூபாய் வேண்டாம், விளம்பரம் கிடையாது. நீங்க செய்யற மாத்தங்களைப் படத்து மேல எழுதாம, பக்கத்துலயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைல்ல எழுதி வைக்கும். மூலப்படம் அப்படியே இருக்கும். பறவைப் படத்துல பறவையை மட்டும் பிரகாசமாக்குறது, இரைச்சல் குறைக்கிறது எல்லாமே நல்லா செய்யும்.

ஆனா உண்மையைச் சொல்லணும்ல? முதல் வாரம் தலை சுத்தும். அவ்வளவு பட்டன்கள், ஒரே வேலைக்கு நாலு வழி. லைட்ரூம் பழகினவங்களுக்கு எரிச்சல் கூட வரலாம். 8 ஜிபி ரேம் இருந்தா நல்லா ஓடும், அதுக்குக் குறைவுன்னா திணறும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப், நாய்ஸ் ரிடக்‌ஷன்னு நாலு விஷயத்தை மட்டும் பழகிட்டு மத்ததை அப்புறம் தொடுங்க. இதே வேலையைச் செய்யற இன்னொரு இலவச சாஃப்ட்வேர் ராதெரபி. டார்க்டேபிள் பிடிக்கலைன்னா அதைப் போட்டுப் பாருங்க.

போட்டோஷாப் மாதிரி வேணும்னா

கம்பியை அழிக்கணும், ரெண்டு படத்தை ஒட்டணும், எழுத்துப் போடணும்னா கிம்ப். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ரெண்டு பேர் தொடங்கினது, 2025 மார்ச்சில் 3.0 வந்திருக்கு. இதுல ஒரு சிக்கல்: கிம்ப் தானா ரா ஃபைலைத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபி இருந்தா அது வழியா திறக்கும். அதனால ரெண்டையும் சேர்த்தே இன்ஸ்டால் பண்ணிடுங்க.

எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாத பழைய கம்ப்யூட்டரா? ஃபோட்டோபியா பிரவுசர்லயே ஓடும், பிஎஸ்டி ஃபைலும் திறக்கும். படம் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. ஓரத்துல விளம்பரம் வரும், பொறுத்துக்கணும்.

அஃபினிட்டியையும் விட்டுடக் கூடாது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேரா இருந்தது. 2024-ல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபர் கடைசியில இலவசமாக்கிடுச்சு. கேன்வா கணக்கு இருந்தா போதும், ஏஐ வசதிகளுக்கு மட்டும் காசு. பார்க்க போட்டோஷாப் மாதிரியே இருக்கும், கிம்ப்பை விடச் சுலபம். ஆனா ஒரு எச்சரிக்கை. நிக் கலெக்‌ஷன்னு ஒரு பிரபலமான ஃபில்டர் தொகுப்பை 2016-ல் கூகுள் இலவசமாக்கிட்டு, அடுத்த வருஷமே வேற கம்பெனிக்கு வித்துடுச்சு. இப்போ அதோட புது பதிப்புகளுக்குக் காசு. கம்பெனி கொடுக்கிற இலவசம், கம்பெனி நினைக்கிற வரைக்கும்தான். கிம்ப், டார்க்டேபிளுக்கு அந்த பயம் இல்லை.

ஃபோன்லயே எடுத்து ஃபோன்லயே எடிட் பண்றவங்களுக்கு ஸ்னாப்சீட் போதும். கூகுளோடது, இலவசம். ஃபோன்ல டிஎன்ஜியா எடுத்த ரா படத்தையும் திறக்கும்.

அப்போ யாருக்கு லைட்ரூம்?

ஒரே நாள்ல 800 படம் எடுத்து, மறுநாளே கொடுக்கணும்னா லைட்ரூம் வேகம் உதவும். எப்போதாவது ஆர்டர் வர ஆரம்பிச்சா அப்போ யோசிக்கலாம். ஏற்கெனவே லைட்ரூம் கிளாசிக் வெச்சிருந்து நிறுத்த நினைக்கிறவங்க பயப்பட வேண்டாம். சந்தா முடிஞ்சாலும் படங்களைத் திறந்து பார்க்கலாம், எக்ஸ்போர்ட் பண்ணலாம். எடிட் பண்ற டெவலப் பகுதி பூட்டிக்கும். நிறுத்துறதுக்கு முன்னாடி முக்கியமான படங்களை முழு அளவு ஜேபெக்கா எடுத்து வெச்சுடுங்க, ரா ஃபைல்களையும் தனி ஹார்ட் டிஸ்க்ல போடுங்க. லேப்ல 8-க்கு 12 இன்ச் பிரிண்ட் போட 2400-க்கு 3600 பிக்சல் இருந்தா தாராளம், எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புல சேவ் பண்ணிக் கொடுங்க.

தமிழ்ல கத்துக்கணும்னா ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்துல கிம்ப் பாடங்கள் தமிழ்க் குரல்ல இலவசமா இருக்கு. பழைய வெர்ஷனை வெச்சுச் சொல்லிக் கொடுத்தது, அதனால மெனு கொஞ்சம் இடம் மாறி இருக்கும். லேயர், கர்வ்ஸ் மாதிரி அடிப்படை எதுவும் மாறலை.