பரிசுக் கட்டுரையும் வரலாற்றுக் கல்வியும்: கொல்கத்தாவின் பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வுப் பரிசு

வரலாற்றைக் கற்றல் வேறு. வரலாற்றை ஆராய்தல் வேறு. முன்னது பிறர் முடிவு செய்ததை ஏற்பது. பின்னது சிதறிக் கிடக்கும் சான்றுகளிலிருந்து முடிவை எழுப்புவது. முன்னதிலிருந்து பின்னதற்கு மாணவரை நகர்த்தும் கருவிகளுள் ஒன்றாக ஆய்வுப் போட்டி கருதப்படுகிறது. செருமனியில் பள்ளி மாணவர்க்கான வரலாற்றுப் போட்டி 1973இல் தொடங்கியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 'தேசிய வரலாற்று நாள்' 1974இல் தோன்றியது. இவ்விரண்டிற்கும் நூறாண்டிற்கு மேல் முற்பட்ட ஒரு பரிசு கொல்கத்தாவில் உண்டு. அப்பரிசு வரலாற்றாசிரியரை மட்டுமன்றி ஒரு மொழியியலாளரையும் ஊக்கியது என்பது மொழி ஆய்வாளர் கருதத்தக்கது.

இதற்கு முன்னோடி எனத்தக்க முயற்சி ஒன்றும் அந்நகரிலேயே நிகழ்ந்தது. 1838இல் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர்கள் 'பொது அறிவு ஈட்டற் கழகம்' ஒன்றை நிறுவினர். தாராசந்த் சக்கரவர்த்தி அதன் தலைவர். வரலாற்றுக் கல்வியின் இயல்பும் இன்றியமையாமையும் பற்றிக் கிருஷ்ணமோகன் பானர்ஜி அங்குக் கட்டுரை படித்தார். பரிசென எதுவும் இல்லை, கேட்போரே நடுவர். 1843 பிப்ரவரியில் கும்பினியின் நீதிமுறை, காவல்முறை ஆகியன பற்றித் தக்கிணரஞ்சன் முகர்ஜி படித்த கட்டுரையைக் கல்லூரி முதல்வர் ரிச்சர்ட்சன் அரச நிந்தனை எனக் கருதி இடைமறித்தார். பழங்காலத்தைப் பற்றிப் படித்தவரை தடையில்லை. அண்மைக் காலத்தைத் தொட்டபோதே தடை எழுந்தது.

பம்பாய்ப் பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் 1866இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கினார். அதன் வருவாயிலிருந்து அமைந்ததே அவர் பெயரிலான ஆய்வுப் பரிசு. தொடக்கத்தில் அது கடுமையான எழுத்துத் தேர்வாக நடைபெற்றது; பின்னர் ஆய்வேட்டிற்கு முதன்மை தரப்பட்டது. இம்மாற்றம் சிறியதன்று. தேர்வு எழுதுபவன் கற்றதை ஒப்பிக்கிறான்; ஏடு எழுதுபவனோ கற்பிக்கப்படாததைத் தேடியாக வேண்டும். 1886இல் இப்பரிசைப் பெற்ற அசுதோசு முகர்ஜியே 1906 முதல் துணைவேந்தராகிப் பல்கலைக்கழகத்தை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பினார். ஆர். சி. மஜும்தார் 1912இல் இதனைப் பெற்றார்.

இப்பரிசு தந்த கல்வியின் தன்மையை ஜதுநாத் சர்க்காரிடம் தெளிவாகக் காணலாம். 1892இல் அவர் முதுகலைப் பட்டம் பெற்றது ஆங்கிலத்தில். வரலாறு அவர் இளங்கலையில் பயின்ற பாடம். 1897இல் பரிசு பெற்றார். 1901இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல் அவுரங்கசீப் காலத்து இந்தியாவின் நில அமைப்பு, புள்ளிவிவரம், சாலைகள் ஆகியவற்றைப் பற்றியது. அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. சுஜன் ராய் எழுதிய 'குலாசத்-உத்-தவாரிக்', 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'சஹார் குல்ஷன்' ஆகிய இரு பாரசீக நூல்களிலிருந்து வேண்டிய பகுதிகளைப் பெயர்த்து, குறிப்புரையும் சேர்த்தார். சுபா, சர்க்கார், மகால் என்னும் ஆட்சிப் பிரிவுகளை 'மாகாணம்', 'மாவட்டம்' எனப் பெயர்த்துவிட்டால் கணக்கு பிறழும். வருவாய்த் தொகைகள் 'தாம்' என்னும் நாணயத்தில் உள்ளன. அக்பர் காலத்தில் நாற்பது தாம் ஒரு ரூபாய். படிகளில் எண்கள் பிழைபடுவதும் எளிது. ஆக, ஒரு சொல்லைப் பெயர்ப்பதற்கு ஓர் ஆட்சிமுறையையே அறிய வேண்டியிருந்தது. 1912 முதல் 1924 வரை ஐந்து தொகுதிகளாக வந்த அவருடைய அவுரங்கசீப் வரலாறு இவ்வடிப்படை மீது எழுந்தது எனலாம். மராட்டியச் சான்றுகளுக்காக மராத்தியும் கற்றார். அந்நாளைய பாடத்திட்டம் எதுவும் இத்தனை மொழிகளை ஒருவர்மீது சுமத்தியிராது.

சுனீதி குமார் சட்டர்ஜியும் ஆங்கில முதுகலை மாணவரே. வங்காள மொழியின் வரலாற்றிலக்கணம் பற்றிய ஆய்வுக்காக 1918இல் பிரேம்சந்த் ராய்சந்த் பரிசையும், 1919இல் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி ஆராய்ச்சிப் பரிசையும் பெற்றார். அதன்பின் இலண்டனில் டேனியல் ஜோன்சிடமும், பாரிசில் ஜூல் பிளாக்கிடமும் பயின்றார். 1926இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இரு தொகுதிகளாக வெளியிட்ட 'வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும்' இவ்வாய்வின் கனி. வங்காள இடப்பெயர்களில் திராவிடக் கூறுகளை அவர் தேடியதும் அந்நூலில்தான். எனவே திராவிட மொழியியலும் இப்பரிசுக்கு ஓரளவு கடன்பட்டுள்ளது.

எனினும் குறை உண்டு. போட்டி பட்டம் பெற்றோருக்கே உரியதாயிருந்தது. ஏடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. வங்காள மொழியின் வரலாறே ஆங்கிலத்தில் எழுதப்பட்டமை இதற்குப் போதிய சான்று. வங்காளம் மட்டுமே அறிந்தவர் தம் மொழியின் வரலாற்றை அறிய மொழிபெயர்ப்பாளரை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. செருமானியப் போட்டியோ பள்ளி மாணவரைத் தம் ஊர் ஆவணங்களிடமும் முதியோரிடமும் தம் மொழியிலேயே அனுப்புகிறது. 1980களில் பசாவு நகரத்து மாணவி அன்னா ரோசுமசு, நாசிகள் காலத்தில் தம் ஊர் எவ்வாறு இருந்தது எனப் போட்டிக்காக ஆராயப் புகுந்து ஊராரின் கடும் பகையைத் தேடிக்கொண்டார். 1843இன் இடைமறிப்பு இங்கு நினைவுக்கு வரும். வேறுபாடு, இம்முறை தடுத்தவர் முதல்வர் அல்லர், அண்டை வீட்டார்.

தமிழகத்தில் இத்தகைய போட்டி ஒன்றை அமைப்போர் முதலில் எதிர்கொள்வது ஆவணங்களின் மொழியையே. தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் மராத்தி மொழியில் மோடி எழுத்தில் உள்ளன. சென்னை ஆவணக்காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் உள்ளன. ஓலைச்சுவடியிலுள்ள தமிழும் புள்ளியின்றி, ஒற்றும் உயிர்மெய்யும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால் பயிற்சியில்லாத மாணவனுக்கு எளிதன்று. கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் படிகள், ஊர்ப் பெயர்கள், குடும்பங்களில் உள்ள நிலப் பத்திரங்கள் ஆகியன அவனுக்கு எட்டுவன. 'வேலி', 'மா', 'கலம்' எனப் பத்திரத்தில் வரும் ஒவ்வோர் அளவுச் சொல்லும் தன் ஊரில் எவ்வளவைக் குறித்தது என அவன் கேட்கத் தொடங்கும்போது, ஜதுநாத் 'தாம்' என்னும் சொல்லிடம் கேட்ட கேள்வியையே கேட்கிறான்.