சட்டமும் மெய்ந்நூலும்

வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளிற் பட்டம் நாடும் மாணாக்கர் சிலர், சட்டம் பயில்வதா தத்துவம் பயில்வதா என மயங்குவர். வருவாய் கருதும் பெற்றோர் முன்னதையே விழைவர். அவரைக் குறைகூறல் பொருந்தாது.

ஆயின் இவ்விரண்டும் தம்முட் பகையல்ல. 1864-ல் தோன்றிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சட்டம் பயின்று மாவட்ட முன்சீபாய் அமர்ந்தவர். அவரே 1895-ல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தளித்து, 1897-ல் சித்தாந்த தீபிகையையும் தொடங்கினார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களோ திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் விளங்கினார்.

சிவஞானசித்தியார் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தமை ஈண்டு உற்றுநோக்கற்பாலது. பிறர் கொள்கையை முதற்கண் எடுத்துக்கூறி, அதன்பின் மறுத்தல் பரபக்கத்தின் நெறி. எதிர்வழக்கைக் கேளாது தீர்ப்புரைத்தல் ஆகாதென்னும் நீதிமன்ற முறையும் இதனோடு ஒக்கும். வேற்றுமை ஒன்றுண்டு: வழக்கறிஞர் தம் கட்சிக்காரர்க்கு ஆவனவற்றையே எடுத்து வாதிப்பர், மெய்ந்நூலார்க்கோ தம் கட்சியும் ஆராய்தற்குரியதேயாம். இப்பயிற்சி முன்னர்ப் பெற்றவன் பின்னர் வழக்காடப் புகின், தன் வாதத்தின் மெலிவைத் தானே முந்தியறிவான்.

மூவாண்டுச் சட்டப்படிப்பிற்கு முன்னர்ப் பட்டம் ஒன்று வேண்டப்படுதலின், தத்துவம் பயின்று பின் அதனுட் புகுதல் இயலும். அதுவே சிறந்த வழி. பள்ளிப்படிப்பு முடித்து நேரே ஐயாண்டுப் படிப்பிற் சேர்தலினும் இதற்கு ஓராண்டு மிகும். வறிய இல்லத்தார்க்கு அவ்வோராண்டு சிறிதன்று.