தீசிஸ் கொடுத்தாச்சு, பட்டம் எங்கே?

உட்காருங்கண்ணே, டீ சொல்லியிருக்கேன். பொண்ணு தீசிஸைக் கொடுத்து மாசக்கணக்காச்சு, இன்னும் பட்டம் வரலையான்னு சொந்தக்காரங்க துளைச்சு எடுக்குறாங்கன்னீங்க. அவ மேல தப்பே இல்லை. தீசிஸ் இப்போ அவ கையிலயும் இல்லை, கைடு கையிலயும் இல்லை.

சென்னையோ, மதுரை காமராசரோ, எந்த அரசுப் பல்கலைக்கழகமா இருந்தாலும் பிஎச்.டி.க்கு அடிப்படை பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2022-ல போட்ட விதிமுறைதான். குறைஞ்சது 3 வருஷம், கூடிப்போனா 6. பெண்களுக்கு அதுக்கு மேலயும் சலுகை உண்டு. கோர்ஸ்வொர்க் எழுதினது, செமஸ்டருக்கு ஒரு தடவை ஆலோசனைக் குழு முன்னால போய் நின்னது எல்லாம் நீங்க பார்த்ததுதான். பார்க்காதது இனிமேதான்.

பிளேஜியரிசம் செக்னு ஒண்ணு. மத்தவங்க எழுதினதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மென்பொருள்ல போட்டுப் பார்ப்பாங்க. 10 சதவீதம் வரைக்கும் பிரச்சினை இல்லை. அதுக்கு மேல 40 வரைக்கும் போனா திருத்திக் கொடுக்கணும். 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. முறையா மேற்கோள் காட்டினதும் நூற்பட்டியலும் இந்தக் கணக்குல வராது. இல்லேன்னா குறுந்தொகையை ஆராயுற பிள்ளைங்க கதி என்ன ஆகிறது!

அடுத்தது வெளித் தேர்வாளர்கள். குறைஞ்சது 2 பேர். அந்தப் பல்கலைக்கழகத்துல வேலை பார்க்கிறவங்களா இருக்கக் கூடாது. முடிஞ்சா ஒருத்தர் வெளிநாட்டுக்காரர். தாமதம் பிறக்கிறது இங்கதான். மெயில் போட்டா பதில் வராது; ஒத்துக்கிட்டவரும் மறந்துடுவார். அவருக்கும் வகுப்பு, விடைத்தாள், மீட்டிங்னு இருக்குல்ல? தீசிஸைக் கொடுத்த நாள்லேர்ந்து 6 மாசத்துல வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிவு வந்துடணும்னு விதி இருக்கு. அதைக் காட்டிக் கேக்கலாம். ஆனா பொண்ணையே போய்க் கேக்கச் சொல்லுங்க. அப்பா போய் நின்னா செக்‌ஷன்ல எடுபடாது.

ரெண்டு பேரும் சரின்னு எழுதிட்டா வைவா. ஒருத்தர் மட்டும் வேண்டாம்னா இன்னொருத்தருக்கு அனுப்புவாங்க. அவரும் வேண்டாம்னுட்டா தள்ளுபடி. பொண்ணு ராத்திரி தூங்காம போனை நோண்டிக்கிட்டே இருக்குன்னீங்களே, காரணம் இதுதான்.

வைவா மூடின ரூம்ல நடக்கிற சமாச்சாரம் இல்லை. நோட்டீஸ் போர்டுல தேதியை ஒட்டுவாங்க. துறையில இருக்கிற ஆசிரியர், மாணவர், மத்த ஸ்காலர் எல்லாரும் வந்து உட்காரலாம். வெளித் தேர்வாளர் தன் ரிப்போர்ட்ல எழுதினதையே பெரும்பாலும் கேப்பார், அதுக்குப் பொண்ணு தயாராத்தான் போவா. தடுமாற வைக்கிறவன் கடைசி பெஞ்ச்ல இருக்கிற எம்.ஏ. பையன். எழுந்து, "இதுல புதுசா என்ன மேடம் கண்டுபிடிச்சிருக்கீங்க?"ம்பான். நாலு வரியில, ஸ்லைடு இல்லாம, உங்ககிட்டயே ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சா அவனுக்கும் புரியும்.

அன்னிக்கு சமோசா, டீ செலவு எப்படியும் ஸ்காலர் தலையிலதான் விழும். அதோட நிறுத்திக்குங்க. தேர்வாளருக்குக் கவர் கொடுக்கணும், ஹோட்டல் சாப்பாடு போடணும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, எந்த விதியிலயும் அது இல்லை.

வைவா முடிஞ்சதும் தீசிஸோட மின்பிரதி யுஜிசியோட இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போகும். அவங்க 'சோத்கங்கா' தளத்துல ஏறிட்டா, கேலி பண்ற சொந்தக்காரங்களும் போன்லயே படிக்கலாம். பட்டமளிப்பு விழா எப்போ வெச்சா என்ன, ப்ரொவிஷனல் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கல்யாணப் பத்திரிகையில தைரியமா டாக்டர்னு போடுங்க.