பாட்டினூடே ஒலிக்கும் சீட்டி

புதிதாக ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் பொருத்திய ஒரு காரில், இன்ஜினைக் கிளப்பியவுடன் பாட்டின் அடியில் மெல்லிய சீட்டி ஒன்று தோன்றி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்தாயி ஏறி, காலை எடுத்ததும் தணிந்து, ராக ஆலாபனைக்கும் அதைக் கேட்க விரும்புகிறவரின் செவிக்கும் நடுவே விடாமல் ஒலித்துக்கொண்டிருக்குமானால், வண்டிக்குச் சொந்தக்காரர் முதலில் சந்தேகிப்பது ஸ்பீக்கரைத்தான். ஸ்பீக்கரை மாற்றுகிறார், சீட்டி போவதில்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார், அப்போதும் போவதில்லை. கடைசியில், காரில் பாட்டுக் கேட்பதென்றால் இவ்வளவு இரைச்சலையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார். உண்மையில், தன்னிடம் வந்து சேரும் மின்சாரத்தை அசைவாக மாற்றித் தருவதைத் தவிர ஸ்பீக்கர் வேறொன்றும் செய்வதில்லை. சீட்டி பிறந்த இடம் வேறு. அது உள்ளே நுழைந்த வழி வேறு. அவ்விரண்டையும் கண்டுபிடிக்காமல் சாமான்களை மாற்றிக்கொண்டே போவது பணத்துக்கும் காலத்துக்கும் விரயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஸ்பீக்கரிடமே பழுது இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கூம்பின் ஓரம் கிழிந்திருக்கலாம். உள்ளே தூசி புகுந்து சுருள் உராயலாம். கதவின் உட்பலகையைப் பிடித்து நிற்கும் கிளிப் ஒன்று தளர்ந்திருக்கலாம். ஆனால் இவை உண்டாக்கும் கரகரப்பு இன்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்குவதில்லை. பாட்டில் ஏதோ ஒரு தாழ்ந்த ஸ்வரம் வரும்போது மாத்திரம் எழுந்து, கதவைக் கையால் அழுத்தினால் மாறவோ மறையவோ செய்யும். இந்த வேறுபாட்டைச் செவியால் உணர்ந்துவிட்டவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

ஆகவே, ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் சற்று நேரம் நிதானமாகக் கேட்க வேண்டும். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மாத்திரம் திருப்பி, செட்டைப் போட்டால் சப்தம் வருகிறதா? வராமல், இன்ஜின் ஓடும்போது மாத்திரம் வருகிறதென்றால் அதன் பிறப்பிடம் இன்ஜினைச் சார்ந்தது. அடுத்தபடியாக, வால்யூமை அடியோடு குறைத்துப் பார்க்க வேண்டும். பாட்டு அடங்கிய பிறகும் சீட்டி அதே பலத்தோடு ஒலிக்குமானால், அது வால்யூம் கட்டுப்பாட்டைக் கடந்த பிறகு, அதாவது செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலோ ஆம்ப்ளிஃபயரிலோதான் நுழைகிறது; வால்யூமோடு சேர்ந்து அதுவும் கூடிக் குறையுமானால், ஏரியல், ஆக்ஸ் ஒயர் முதலிய முன்வாசல்களில் தேட வேண்டும். காசு செலவில்லாத இவ்விரண்டு சோதனைகளும் தேட வேண்டிய பரப்பை வெகுவாகச் சுருக்கிவிடுகின்றன.

இன்ஜினோடு ஏறி இறங்கும் சீட்டிக்கு மூலகாரணம், நம் மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர். பழைய நேர்மின் டைனமோவை விட்டு, 1960-ஆம் வருஷ மாடலான வேலியன்ட் காரில் கிரைஸ்லர் கம்பெனியார் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாக அமைத்ததைத் தொடர்ந்து, படிப்படியாக எல்லாக் கார்களிலும் அது இடம்பெற்றுவிட்டது. அது உற்பத்தி செய்வது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. திருப்பிவிட்ட பிறகும் அந்த மின்சாரம் முற்றிலும் சமதளமாக இருப்பதில்லை. 14 வோல்ட்டை ஒட்டிய அதன் மேற்பரப்பில் சிற்றலைகள் எஞ்சி நிற்கின்றன. பன்னிரண்டு காந்த முனைகள் கொண்ட ஓர் ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை எழுப்பும். இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, பெல்ட்டின் விகிதத்தால் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 2000 சுற்றுச் சுழலுமானால், வினாடிக்கு 1200 அலைகள் எழுகின்றன. இன்ஜினின் வேகம் 2400 சுற்றை எட்டும்போது அவை 3600 ஆகிவிடுகின்றன. மனிதச் செவி மிகவும் கூர்மையாகக் கேட்பது வினாடிக்கு 2000 முதல் 5000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில்தான். இரைச்சல் அற்பமானதாக இருந்தாலும் நம்மை இவ்வளவு தொந்தரவு செய்வதற்கு, செவி எங்கே விழிப்பாக இருக்கிறதோ அங்கேயே அது வந்து விழுவதுதான் காரணம்.

இந்தச் சிற்றலைகள் எல்லாக் கார்களிலும் உண்டு. ஆனால் எல்லாக் கார்களிலும் அவை ஸ்பீக்கருக்கு வந்து சேர்வதில்லை. அவற்றுக்கு வழிவிடுவது பெரும்பாலும் எர்த்தில் உள்ள குறையே. காரில் ஒவ்வொரு மின்சாதனத்துக்கும் பாஸிட்டிவ் ஒயர் தனித்தனியே போகிறது. நெகட்டிவோ வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். எனினும் சிறிதும் தடையின்றிக் கடத்தும் என்று சொல்ல முடியாது. ஓர் இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்து, அதன் வழியே 30 ஆம்பியர் ஓடினால், அவ்விடத்தில் 0.3 வோல்ட் வித்தியாசம் ஏற்பட்டுவிடும். ஒரே வாய்க்காலானாலும் தலைமடையில் உள்ள நீர்மட்டமும் கடைமடையில் உள்ள நீர்மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் அதன் வழியேயும் நீர் ஓடத் தொடங்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் செய்யப்பட்ட செட்டையும், டிக்கியில் எர்த் செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிப்பின்னலில் நிகழ்வது அதுவேதான். பாட்டைச் சுமக்க வேண்டிய அந்தப் பின்னலில் ஆல்டர்னேட்டரின் சிற்றலைகளும் ஓடுகின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு எது பாட்டு, எது சிற்றலை என்று பகுத்தறியும் சக்தி கிடையாது; இரண்டையும் சமமாகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகிறது.

எர்த்தைச் செம்மையாகச் செய்வது சிரமமான காரியமன்று. அதற்குப் பொறுமைதான் வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, வண்டியின் உடலோடு பற்றவைக்கப்பட்ட கனமான தகட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே பெயின்ட்டையும் அதன் அடிப்பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே லக்கை வைத்துப் பல்வாஷரோடு போல்ட்டை முறுக்க வேண்டும். இந்த எர்த் ஒயர் பாஸிட்டிவ் ஒயருக்குச் சமமான கனமும், 45 சென்டிமீட்டருக்கு மேற்படாத நீளமும் உள்ளதாக இருப்பது நலம். சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் கைக்கு எட்டுகிறதே என்று அதில் எர்த்தை மாட்டுவது, ஒலிக்கும் உதவாமல் உயிருக்கும் ஆபத்தை வரவழைக்கும் செய்கை. முறுக்கிய பிறகு அந்த இடத்தின் மேல் கிரீஸோ பெயின்ட்டோ பூசிவிட வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு அந்தப் பளபளப்பான உலோகம் விரைவில் துருப்பிடித்துவிடும். பொருத்தியபோது சுத்தமாகப் பாடிய செட் ஒரு மழைக்காலம் கழிந்ததும் சீட்டியடிக்கத் தொடங்கினால், அவ்வூர்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துருவைத்தான்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மல்ட்டி மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும், மற்றொரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஸ்குரூவிலும் வைத்து, இன்ஜின் ஓட, பாட்டும் உரக்க ஒலிக்கும்போது நேர்மின் அளவைப் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்திப்படலாம். அதே மீட்டரை மாறுமின் அளவுக்குத் திருப்பிப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கையில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்போது ஆடியோக் கடையை விட்டு எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். சிற்றலைகளை விழுங்கிச் சமனப்படுத்துவதில் பாட்டரிக்குப் பெரும்பங்கு இருப்பதால், மூப்படைந்த பாட்டரியும் சீட்டியை வளர்க்கும்.

எர்த் சரியாக இருந்தும் சீட்டி போகவில்லையென்றால், நுழைவாயிலைத் தேடிப் பிடிக்க ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் செருகியிருக்கும் ஆர்.சி.ஏ. ஒயர்களைக் கழற்றி, உள்முனையும் வெளிமுனையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட வெற்றுப் பிளக்குகளை அவ்விடத்தில் செருகி, மறுபடியும் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சீட்டி நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. குற்றம் ஒயரிலோ செட்டிலோ இருக்கிறது. பிறகு வேறோர் ஆர்.சி.ஏ. ஒயரை, ஆசனங்களின் மேலாகவே தற்காலிகமாக இழுத்துச் செருகிப் பார்க்கலாம். அப்போது சப்தம் மறைந்தால், பழைய ஒயர் பாட்டரியிலிருந்து வரும் கனத்த ஒயரோடு ஒட்டி உறவாடிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஒன்றை வண்டியின் இடப்புறமாகவும் மற்றதை வலப்புறமாகவும் கொண்டுபோய், சந்தித்தே தீர வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கச் செய்வதே முறை. புது ஒயருக்கும் சீட்டி அடங்கவில்லையா? சில செட்டுகளில் ஆர்.சி.ஏ. எர்த்துக்கென்று பலகையில் மிக நுண்ணிய பியூஸ் ஒன்று உண்டு. செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்குவது போன்ற அவசரங்களில் அது எரிந்துபோகும். எரிந்த பின்பும் பாட்டு வரும், சீட்டியும் கூடவே வரும். இதை அறியாமல் செட்டையே தூக்கி எறிகிறவர்களை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயரே இல்லாத வண்டியிலும் இதே வினோதத்தைப் பார்க்கலாம். போனை சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜருக்கு மாட்டிவிட்டு, ஆக்ஸ் ஒயரால் செட்டோடும் இணைத்தால் சீட்டி எழும். சார்ஜரைப் பிடுங்கியதும் மறையும். இரண்டு ஒயர்களும் இரண்டு எர்த்துகளை இணைத்துவிடுவதே காரணம். இங்கே புளூடூத் மூலம் பாட்டைக் கேட்பது சுலபமான பரிகாரம்.

கெயின் என்னும் திருகைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதை இரண்டாவது வால்யூம் என்று எண்ணிக் கடைசி வரை திருகிவிடுகிறவர்கள் அநேகர். செட் தரும் வோல்ட்டுக்கும் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்க்கும் வோல்ட்டுக்கும் பொருத்தம் உண்டாக்குவதற்காக ஏற்பட்ட திருகு அது. 2 வோல்ட் தரக்கூடிய செட்டுக்கு 0.2 வோல்ட் என்ற இடத்தில் கெயினை வைத்தால், ஒயரில் ஏறிய ஒவ்வோர் இரைச்சலும் பத்து மடங்காகப் பெருகும்; பாட்டின் உச்சங்களும் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அடிக்கடி கேட்கும் உஸ்ஸென்ற மூச்சுச் சப்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கெயினைக் குறைத்து, செட்டின் வால்யூமைச் சற்றுக் கூட்டினால் அடங்கிவிடும்.

படபடவென்று வெடிக்கும் சப்தம் வேறு ஜாதி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் 3000 சுற்றில் வினாடிக்கு 100 தடவை ஸ்பார்க் பிளக்குகள் பொறி விடுகின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ரேடியோ அலையை எழுப்புகிறது. 1930-இல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், இந்தப் பொறியின் இடைஞ்சலை அடக்குவதே பெரும் பிரச்சினையாக இருந்தது. இன்று பிளக்குக்குள்ளேயே சுமார் 5000 ஓம் தடை வைத்துவிடுகிறார்கள். அந்தத் தடை இல்லாத பிளக்கை மாட்டினாலோ, பிளக் ஒயர் வெடித்துக் கசிந்தாலோதான் சப்தம் திரும்பி வரும். டீசல் வண்டியில் பொறியே கிடையாதாகையால் அங்கே காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். ரேடியோவில் மாத்திரம் இரைச்சல் என்றால், பிற்பாடு மாட்டிய எல்.ஈ.டி. பல்புகள், மலிவான சார்ஜர், முன்கண்ணாடியில் ஒட்டிய காமிரா ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே போதும். அணைக்கும்போதும் போடும்போதும் டொப்பென்று அடித்தால், ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் ஒயர், செட்டிலிருந்து வரும் நீல வெள்ளை ஒயரில் இல்லாமல் நேரே சாவியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டைப் போன்ற கடைத்தெருக்களில் இரைச்சலைப் போக்கும் சிறு பெட்டி ஒன்று கிடைக்கும். ஆர்.சி.ஏ. ஒயரின் நடுவே செருகும் அந்தப் பெட்டிக்குள் இரு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். அவை பாட்டைக் காந்தப் புலத்தின் வழியே கடத்திவிட்டு, எர்த்துகளுக்கிடையே ஓடும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகின்றன. சீட்டி உடனே நின்றுவிடும். ஆனால் மலிவான பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் மிகச் சிறியதாகையால், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் ஆழ்ந்த நாதமும் அதனோடு மெலிந்துபோகிறது. துருப்பிடித்த எர்த்தோ டிக்கியில் அப்படியே சூடேறிக்கொண்டிருக்கிறது. ஆகையால் முதல் பரிகாரமாக அதை வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். கம்பெனி பொருத்திய செட்டைக் கழற்றவும் முடியாமல், அதன் எர்த்தை மாற்றவும் வழியில்லாமல், மேற்சொன்ன சோதனைகளையெல்லாம் செய்து முடித்தவர் அதை வாங்கலாம். அப்படி வாங்கும்போது, தமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கச்சேரிப் பதிவைக் கடையிலேயே பெட்டியோடும் பெட்டியில்லாமலும் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு காசைக் கொடுக்கட்டும்.