திரைக்குப் பின்னால் – 17: கமா யாருக்குச் சொந்தம்?

சென்ற வாரம் தேதியின் குழப்பத்தைப் பார்த்தோம். 3/4 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. எண்களிலும் இதே வம்பு உண்டு.

12345678 ரூபாய். எவ்வளவு என்று சட்டெனச் சொல்ல முடியாது. 1,23,45,678 என்று எழுதினால் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் என்று பார்த்ததும் தெரிகிறது. நாம் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம். அமெரிக்கர் மும்மூன்றாகப் பிரித்து 12,345,678 என்கிறார். ஜெர்மானியர் கமா இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கிறார். அவருக்கு 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு, நமக்கோ ஒன்றரை. பிரெஞ்சுக்காரர் சிறு இடைவெளி விடுகிறார். தமிழுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: இந்தியத் தமிழருக்கு லட்சக் கணக்கு, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு மில்லியன் கணக்கு.

எந்த நாட்டில், எந்த மொழியில் எண்ணை எப்படிப் பிரிப்பது என்பதை யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற தரவுத் தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. செயலி எழுதுபவர் அதைக் கேட்டு வாங்கினால் போதும். பலர் கேட்பதில்லை, தாமே வடிவத்தை எழுதிவிடுகிறார்கள். எண்ணை வடிவமைக்கும் ஜாவாவின் டெசிமல்ஃபார்மேட்டில் #,##,##0 என்று எழுதினால் லட்சக் கணக்கு வந்துவிடும் என்று நம்புவார்கள். கடைசிக் கமாவுக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை மட்டும்தான் அது பார்க்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. மூன்று என்றால் எல்லா இடத்திலும் மூன்றுதான். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் ஐ.சி.யூ. என்ற நூலகத்தைச் செயலிகள் நேரடியாக அழைக்கலாம். இரண்டிரண்டாகப் பிரிக்க அதற்குத் தெரியும்.

தொகையைத் தட்டும்போதே கமா போடுவது இன்னும் சிரமம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் எழுத்துப் பெட்டி "மாறிவிட்டேன்" என்று செயலியிடம் சொல்லும். செயலி கமா சேர்க்கும். அதுவும் மாற்றம்தானே? பெட்டி மறுபடி கூவும். தடுக்காவிட்டால் இது முடிவில்லாமல் சுற்றும். அதைத் தடுத்தாலும் கர்சர் இடம் மாறிக் குதிக்கும். நடுவில் ஓர் இலக்கத்தை அழித்தால் அடுத்த இலக்கம் வேறெங்கோ போய் விழும். கர்சருக்கு வலப்பக்கம் எத்தனை இலக்கங்கள் இருந்தன என்று முதலில் எண்ணிக்கொண்டு, கமா போட்ட பிறகு அதே எண்ணிக்கை வலப்பக்கம் இருக்கும்படி கர்சரை வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இவற்றைவிட ஆபத்தானது, கமாவோடு சேர்த்தே தொகையைச் சர்வருக்கு அனுப்புவது. எழுத்தை எண்ணாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் "1,50,000" என்பதைப் படிக்கத் தொடங்கி முதல் கமாவிலேயே நின்றுவிடும். ஒன்றரை லட்சம் ஒரு ரூபாயாகிவிடும், பிழைச் செய்தியும் வராது.

கமா எண்ணின் பகுதி அல்ல, படிப்பவரின் கண்ணுக்காகச் செய்யும் ஏற்பாடு. சேமிப்பதும் கணக்கிடுவதும் அனுப்புவதும் வெறும் எண்ணாக இருக்கட்டும். திரைக்கு வரும் கடைசி நொடியில் மட்டும் கமா விழட்டும். இன்னொன்று: நம் ஊரில் பலரின் போன் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. போனின் மொழியை மட்டும் நம்பினால் அவர்களுக்கு ரூபாயும் மில்லியனாகத் தெரியும். ரூபாய்த் தொகைக்கு இந்திய முறையைச் செயலியே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நீங்கள் செயலி எழுதுபவரானால், போனை அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஒருமுறை, ஜெர்மனுக்கு ஒருமுறை மாற்றி, ஒன்றரை லட்சத்தைத் தட்டிச் சேமித்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே தொகை சேமிப்பில் இருந்தால் மட்டும் செயலியை வெளியிடுங்கள்.