நாலு ஒரு ரூபாய் பெருசா, ஒரு அஞ்சு ரூபாய் பெருசா?

பால் பாக்கெட் வாங்கினாலும் க்யூ.ஆர் கோடு, பூ வாங்கினாலும் க்யூ.ஆர் கோடு. 2016-ல் யு.பி.ஐ வந்த பிறகு பிறந்த குழந்தைகள் பலருக்குப் பணம் என்றால் போனைக் காட்டுவதுதான். முன்பெல்லாம் கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவதிலேயே பாதிக் கணக்கைக் கற்றுவிடுவார்கள். இப்போது அந்தப் பாடத்தையும் வகுப்பறைதான் நடத்த வேண்டியிருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் வரை வந்துவிட்ட ஸ்மார்ட் போர்டு இதற்கு நன்றாகவே கைகொடுக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால்!

எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு

நான்கு ஒரு ரூபாய் நாணயங்களையும், ஒரே ஒரு ஐந்து ரூபாயையும் வைத்து, "எது வேணும்?" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். நான்கின் பக்கம் கை நீண்டால் ஆச்சர்யப்படாதீர்கள். ஒன்றைவிட நான்கு பெரியது என்றுதானே அதுவரை சொல்லித் தந்திருக்கிறோம்?

இந்த இடத்தில்தான் தொடுதிரை உதவும். ஐந்து ரூபாய் படத்தின் கீழே ஐந்து கட்டங்கள். குழந்தை ஒவ்வொரு ஒரு ரூபாயாக விரலால் இழுத்து வந்து நிரப்ப வேண்டும். ஐந்தும் நிரம்பும்போது, 'அந்த ஒன்றுக்குள் இந்த ஐந்தும் இருக்கிறது' என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். தவறாக வைத்தால் எடுத்து மாற்றலாம். அழித்து எழுதும் பயம் இல்லை.

அடுத்த விளையாட்டு: 1, 2, 5 ரூபாய் நாணயங்களை மட்டும் வைத்து 10 ரூபாய் சேர்க்க எத்தனை வழி? மொத்தம் 10 வழிகள். வகுப்பே கூடிக் கண்டுபிடிக்கட்டும்.

பெரிதாக்கினால் தெரியும் ரகசியம்

10 ரூபாய் நாணயத்தில் வெளிவட்டம் மஞ்சள், நடுப்பகுதி வெள்ளை. 20 ரூபாயில் அது அப்படியே தலைகீழ். 12 பக்கங்கள் வேறு! ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பெரிதாக்கினால் பிறந்த ஊரும் தெரியும். புள்ளி என்றால் நொய்டா, வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா.

10 ரூபாயில் மட்டும் 14 வடிவங்கள் வந்திருப்பதாகவும், எல்லாமே செல்லும் என்றும் 2018-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அத்தனையையும் திரையில் பார்த்த குழந்தை, "இது செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாது.

திரையால் முடியாதது

2019-ல் வெளியான வரிசையில் 1 ரூபாயின் விட்டம் 20 மி.மீ., 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27. பார்வையற்றவர்களும் தொட்டு அறிய வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டவை இவை. ஆனால், திரையில் எல்லாமே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். எடையும் இல்லை, சத்தமும் இல்லை. அதனால் பத்து நிமிடம் போர்டு போதும். பிறகு நிஜ நாணயங்களைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* நாணயத்தை போனில் படமெடுத்து, பெரிதாக்கி, ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.
* வாரம் ஒருமுறையாவது சில்லறை கொடுத்தே ஏதாவது வாங்குங்கள். கொடுப்பதும் மீதியை எண்ணி வாங்குவதும் குழந்தையின் வேலை.
* விளையாடி முடித்ததும் கை கழுவ வேண்டும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் தம்பி, தங்கை இருந்தால் நாணயங்களை எண்ணி எடுத்து வையுங்கள்.

ஸ்கேன் செய்வதைக் குழந்தைகள் தானாகவே கற்றுக்கொள்வார்கள். ஆனால், செலவழித்தால் பணம் குறையும் என்பது, உண்டியல் லேசாவதைக் கையில் தூக்கிப் பார்க்கும்போதுதான் புரியும்.