1901-க்குத் திரும்பும் கடிகாரம்

கணிப்பொறி இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்கும், அதனோடு பிணைந்த அச்சுப்பொறி, காமிரா முதலிய சாதனங்களுக்கும் இடையே தூது செல்லும் நிரலை டிரைவர் என்பர். அந்தத் தூதன் காலக்கணக்கில் பிழை செய்தால் விளையும் விபரீதம் சாமானியமானதன்று.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மரபில் வந்த கணிப்பொறிகள், கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 பிறந்த கணம் தொட்டு விநாடி விநாடியாகக் காலத்தை எண்ணி வருகின்றன. அவ்வெண்ணை 32 பிட் இடத்தில், அதிலும் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கென ஒதுக்கி எழுதி வந்தபடியால், அது கொள்ளக்கூடிய பேரெண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 மட்டுமே. 2038 ஜனவரி 19 அன்று, நம் நாட்டு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். மறு விநாடியே எண் கழித்தல் குறி பூண்டு, கடிகாரம் கிரீன்விச் நேரப்படி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்.

அதற்கு ஒரு விநாடி முன்பாக ஒரு டிரைவர் சாதனத்துக்குக் கட்டளையிட்டு, இரண்டு விநாடிக்குள் பதில் வரவேண்டும் என்று கெடு வைப்பதாகக் கொள்வோம். இப்போதைய எண்ணோடு இரண்டைக் கூட்டியதும் தொகை எல்லை மீறிக் கெடு 1901-இல் விழுகிறது. இப்போதைய நேரமோ 2038. ஆகவே கெடு எப்போதோ கடந்துவிட்டதென்று கருதி, பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே நல்ல சாதனத்தை டிரைவர் பழுதென்று தள்ளிவிடுகிறது.

எண்ணை 64 பிட்டாக விரித்தால் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பது மெய்யே. ஆயினும் அதே யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் லினக்ஸின் கெர்னலில், நிரலாளர் ஆர்ண்ட் பெர்க்மனும், அவுட்ரீச்சி என்னும் திட்டத்தில் பயிற்சி பெற்றோர் உள்ளிட்ட பிறரும் டிரைவர் டிரைவராகப் புகுந்து செய்த திருத்தம் அவ்வளவில் நிற்கவில்லை. இங்கே வேண்டுவது தேதியா, கழிந்த கால அளவா என்று ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. கெடுவுக்குத் தேதி எதற்கு? தேதிக் கடிகாரத்தை யாரேனும் பின்னே தள்ளினால், 64 பிட் இருந்தும் கெடு பொய்த்துவிடும். எனவே அத்தகைய இடங்களில், ஒருபோதும் பின்னோக்காமல் முன்னே மட்டும் ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தை நாடுவதே தக்கது. இந்த விவேகமே, பிட்டுகளை விரித்ததினும் பெரிய காரியம் என்பேன்.

2020 மார்ச்சில் வெளியான 5.6 பதிப்பில்தான் 32 பிட் கணிப்பொறிகளுக்கான இத்திருத்தம் கெர்னலில் பெரும்பாலும் நிறைவுற்றது. அதற்கு முந்திய கெர்னலோடு 32 பிட் கருவிகளை ஆலையிலும் ஆய்வுக்கூடத்திலும் நிறுவியிருப்போர், மென்பொருளை மாற்றும் வழியை இன்றே விசாரித்து வைப்பது அவசியம்.